பட்டம் இன்றி, சுயமாகக் கற்றதைக் கொண்டே தொழிலில் நிலைபெற முடியுமா?

வினாக்குறி எழுதியது:

பள்ளிப் படிப்பு முடிந்து, கணினி அறிவியல் பட்டப் படிப்பில் இடம் கிடைத்திருக்கும் நிலையில் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். நிரலாக்கத்தை இணையப் பாடங்களின் வழியாக நானே கற்றுக்கொண்டு, சிறு நிறுவனங்கள் சிலவற்றுக்கு இணையதளங்கள் செய்து தந்து ஊதியமும் பெற்றிருக்கிறேன். இப்போதே வேலை செய்துகொண்டு மேலும் கற்றால், படிப்பு முடியும் காலத்துக்குள் என் வயதுப் பட்டதாரியைவிட முன்னே சென்றுவிடலாம் என்று ஒருபுறம் தோன்றுகிறது. வேலை விளம்பரங்களில் பல முதல் வரியிலேயே பட்டத்தைக் கேட்பதைப் பார்க்கும்போது மறுபுறம் தயக்கம் வருகிறது. வீட்டாரின் விருப்பம் எது என்று சொல்லத் தேவையில்லை. 'திறமை இருந்தால் போதும்' என்றோ 'பட்டம் இல்லாவிட்டால் மதிப்பில்லை' என்றோ ஒற்றை வரியில் முடித்துவிடாமல், பட்டம் தருவது என்ன, அதில் நானாகவே ஈட்டிக்கொள்ளக்கூடியது எது, எவ்வளவு முயன்றாலும் ஈட்ட முடியாதது எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடிவாளம் எழுதியது:

பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டு வெளியேறினார். மார்க் சக்கர்பெர்க்கும் அதே பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர்தான். விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்கள் இருவரும் கல்லூரிப் பட்டம் பெறாதவர்கள். கற்கும் வேட்கை உள்ளவருக்குக் கல்லூரி வெறும் காலவிரயம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

முதற்சல்லடை எழுதியது:

கடிவாளம் கூறும் பெயர்களை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண இயலாது. படிப்பைப் பாதியில் விட்டு எங்கும் சென்று சேராதவர்களின் பெயர்களை யாரும் தொகுத்து வைப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்ஸும் சக்கர்பெர்க்கும் ஹார்வர்டில் சேர்க்கை பெறும் அளவுக்கு ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள்; அதைவிட முக்கியமாக, அவர்கள் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள், யாரிடமும் வேலை கேட்டு விண்ணப்பிக்கவில்லை. வினாக்குறி கேட்பதோ, முன்பின் தெரியாத ஒரு நிறுவனம் தன்னை வேலைக்கு எடுக்குமா என்பதை.

நான் ஆட்தேர்வுப் பணியில் இருப்பவன் என்பதால், அந்தப் பக்கத்தில் நடப்பதை எழுதுகிறேன். தொடக்கநிலைப் பணியிடம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும்போது முதல் சுற்றில் யாரும் அவற்றை வாசிப்பதில்லை. பட்டம், பாடப்பிரிவு, தேர்ச்சி பெற்ற ஆண்டு ஆகியவற்றை மென்பொருளில் தெரிவு செய்தவுடன் பட்டியல் கையாளக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இதனால் தகுதியுள்ள சிலர் விடுபடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் விடுபட்டவரால் நேர்ந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. பட்டமில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் சரிவராமல் போனால் மட்டும் அது தேர்ந்தெடுத்தவரின் தலையில் விடிகிறது. பட்டதாரி சரிவராமல் போனால் யாரும் தேர்ந்தெடுத்தவரைக் கேள்வி கேட்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை, நிறுவனம் எவ்வளவு தாராளமான அறிக்கை வெளியிட்டாலும் மேலாளர்கள் பட்டத்தின் பக்கமே சாய்வார்கள்.

பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கேரி பெக்கர் 1964இல் முன்வைத்த மனித மூலதனக் கோட்பாடு, கல்வி ஒருவரின் உற்பத்தித் திறனை உண்மையிலேயே உயர்த்துகிறது, அதனால்தான் ஊதியம் கூடுகிறது என்றது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொன்றைக் காட்டினார்: படிப்பு எதையுமே கற்பிக்காவிட்டாலும்கூட, அதை முடிப்பது திறமை குறைந்தவருக்குக் கூடுதல் சிரமமாக இருந்தால், அந்த ஒரே காரணத்தால் பட்டம் திறமையின் அறிகுறியாகச் செயல்பட முடியும். 2001ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற இந்த ஆய்வே அடிப்படை. என் அனுபவத்தில் இரண்டுமே உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தைச் சலிக்கும் கட்டத்தில் ஸ்பென்ஸ் சொன்னது மட்டுமே நடக்கிறது.

பெரிய நிறுவனங்கள் பட்ட நிபந்தனையைத் தளர்த்தியதாகப் படித்துவிட்டு நம்பிக்கை கொள்பவர்களுக்கு ஒரு தகவல். ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்காவில் இந்தத் தளர்வால் புதிதாக வாய்ப்புப் பெற்றவர்கள், ஓராண்டில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் 700 பேருக்கு ஒருவர்கூட இல்லை. விளம்பரத்தில் ஒரு வரியை நீக்குவது எளிது. தேர்வு செய்பவரின் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

நடுநிரல் எழுதியது:

பட்டம் இல்லாமல் நெடுங்காலமாக மென்பொருள் துறையில் இருப்பவன் நான். முதற்சல்லடை சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அவர் விவரிப்பது முன்வாசலை மட்டும். முதல் வேலைக்குப் பட்டம் எவ்வளவு முக்கியமோ, அந்த அளவுக்கு மூன்றாவது வேலைக்கு அது முக்கியமற்றுப் போகிறது. அப்போது என்னிடம் கேட்கப்படுவதெல்லாம், முந்தைய இடத்தில் எந்த அமைப்பை உருவாக்கினேன், அது பழுதடைந்தபோது என்ன செய்தேன் என்பவைதான்.

முதல் வேலையைப் பெறும் வழி, சல்லடைக்குள் விழாமல் இருப்பது. சுயமாகக் கற்றவர் விண்ணப்பப் படிவத்தின் வழியாகச் சென்றால் பெரும்பாலும் தோற்பார். தன் வேலையை நேரில் பார்த்த ஒருவரின் வழியாகச் சென்றால் வெல்வதற்கு இடமுண்டு. மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழிலைப் பழகியவர். 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை விரித்தெழுதிக் கட்டி டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு லண்டனின் அறிவியல் ஆய்வு நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார். தான் கவனிக்கத் தெரிந்தவன், ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் என்பதற்கான ஆதாரத்தை, அதை மதிப்பிடும் தகுதி உள்ள ஒருவரின் கையில் நேரடியாகச் சேர்த்தார். இன்று அதற்கு இணையான இடம், நிரலை எவரும் பார்க்கவும் திருத்தம் முன்வைக்கவும் கூடிய திறமூலத் திட்டங்கள். பலரும் பயன்படுத்தும் ஒரு நிரல்தொகுப்பில் உள்ள பிழையைக் கண்டறிந்து, திருத்தி, பராமரிப்பவர்களின் விமர்சனத்துக்கு ஈடுகொடுத்து அந்தத் திருத்தத்தை ஏற்கச் செய்தால், அந்த உரையாடல் முழுவதும் பொதுவெளியில் பதிவாகி இருக்கும். பயிற்சிப் பாடத்தைப் பின்பற்றிச் செய்த பத்துச் செயலிகளைவிட அப்படிப்பட்ட ஒரு திருத்தம் எனக்கு அதிகம் சொல்கிறது.

கரும்பலகை எழுதியது:

ஃபாரடேயின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் நண்பரே. அவருக்கு உயர்கணிதம் வசப்படவில்லை; மின்காந்தம் பற்றிய அவருடைய கருத்துகளைச் சமன்பாடுகளாக்க, கேம்பிரிட்ஜில் முறையாகக் கணிதம் பயின்ற மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. ஃபாரடேயின் பெருமையை இது குறைக்காது. சுயகற்றலில் எந்த இடத்தில் பள்ளம் விழும் என்பதை இது காட்டுகிறது.

கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் என் கருத்து இது: பாடத்திட்டத்தின் பயன், நமக்குத் தேவை என்றே தெரியாத ஒன்றை நம் முன் கொண்டுவந்து வைப்பது. தெரியாது என்று தெரிந்ததை எவரும் தேடிப் படித்துவிடலாம். தெரியாது என்பதே தெரியாததைத் தேடும் வழி எது? ராமானுஜனைவிட வலுவான எடுத்துக்காட்டு இதற்கு இல்லை. அவருக்குக் கிடைத்த முக்கியமான வழித்துணை, கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான தேற்றங்களை முழுமையான நிறுவல்கள் இன்றி அடுக்கிய ஒரு நூல். 1913இல் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதி அனுப்பிய முடிவுகளில் சில உலகம் கண்டிராதவை. சில, மற்றவர்கள் முன்பே கண்டறிந்தவற்றை அவர் தனியாக மீண்டும் கண்டவை. பகா எண்களின் பரவலைப் பற்றியவற்றில் சில தவறானவை. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்கு அறிமுகமாகாததால், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய ஜீட்டா சார்பின் கலப்பெண் பூச்சியங்களை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்று ஹார்டியே காரணம் கூறியிருக்கிறார். அந்த மேதைமைக்கே ஒரு பாடப்பிரிவு இல்லாத குறை பிழையாக வெளிப்பட்டது என்றால், நம்மைப் போன்றவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பட்டம் வழங்கியது. அதற்கு முன் அவருடன் உட்கார்ந்து தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஆட்கள் அங்கே கிடைத்தார்கள் என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

நிரலாக்கத்தில் இதே பள்ளம் வேறு வடிவில் வரும். இணையதளம் செய்யத் தெரிந்தவருக்கு அது ஒரே நேரத்தில் பத்துப் பேர் வரும்வரை ஒழுங்காக இயங்குகிறது. பல்லாயிரம் பேர் வரும்போது ஏன் திணறுகிறது என்று அறிய இயங்குதளம், வலையமைப்பு, தரவுத்தளத்தின் பரிவர்த்தனை முறை, வழிமுறைகளின் காலச்சிக்கல் (தரவு பெருகும்போது நேரம் எவ்வளவு கூடும் என்ற கணக்கு) ஆகியவை தேவைப்படுகின்றன. இவை கற்க முடியாதவை அல்ல. ஆனால் வேலை தருபவர் நாளைக்கே ஒரு பக்கத்தை முடித்துத் தரச் சொல்லும்போது, இவற்றை உட்கார்ந்து படிக்கும் உந்துதல் எங்கிருந்தும் வராது.

விடாமுயற்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இணையத்தில் நடத்திய திறந்த பாடங்களைப் பற்றி 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில், 2017–18ஆம் கல்வியாண்டில் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். பாடம் அதேதான், ஆசிரியரும் அவர்தான். தேர்வு நாள், வருகைப் பதிவு, பக்கத்து இருக்கை மாணவர் ஆகியவை மட்டும் அங்கே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தரப்பின் குறையையும் மறைக்கக் கூடாது. வினாவிடைத் தொகுப்பை மனப்பாடம் செய்தே பட்டம் பெற்றுவிடக்கூடிய கல்லூரிகள் ஏராளம். அத்தகைய இடத்தில் சேர்பவருக்கு ஸ்பென்ஸ் கூறிய அறிகுறி கிடைக்கும். பெக்கர் கூறிய திறன் கிடைக்காது.

நடுநிரல் எழுதியது:

அந்த 3 விழுக்காட்டை எடுத்துக்காட்டுபவர்கள் அதே ஆய்வின் அடுத்த பகுதியை விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்காகப் பணம் செலுத்திச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடித்தார்கள். எட்டிப் பார்க்க வந்தவர்களையும் படிக்க வந்தவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எந்தக் கல்லூரியும் அப்படித்தான் தெரியும்.

பாடத்திட்டத்தைப் பற்றிக் கரும்பலகை ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பாடத்திட்டம் இரகசியம் அல்ல. எம்.ஐ.டி. தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக 2001இலேயே அறிவித்தது. பல பாடங்களுக்கு விரிவுரை, வீட்டுப்பாடம், விடைகளுடன் கூடிய தேர்வுத்தாள் வரை அங்கே கிடைக்கின்றன. சுயமாகக் கற்பவர் தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கக் கூடாது என்பேன். நல்ல பல்கலைக்கழகம் ஒன்றின் பாடவரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, பிடிக்காததையும் விடாமல், தேர்வுத்தாளை நேரம் குறித்து எழுதிப் பார்க்க வேண்டும். பிடித்ததை மட்டும் படிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பின்னாளில் தடுமாறுபவர்களும் அவர்களே.

எல்லைத்தாள் எழுதியது:

இதுவரை பேசிய அனைவரும் திறனையும் நம்பிக்கையையும் பற்றியே பேசினீர்கள். இவை இரண்டுக்கும் அப்பால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வாதத்துக்கு இடமில்லை.

மருத்துவம் போன்ற உரிமம் வேண்டிய தொழில்களில் சுயகற்றல் என்ற கேள்வியே எழாது. சட்டத்துறையில் விதிவிலக்குகள் உண்டு. கலிபோர்னியா, வெர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய அமெரிக்க மாநிலங்களில், சட்டக் கல்லூரிக்குச் செல்லாமலேயே வழக்கறிஞர் அல்லது நீதிபதி ஒருவரின் கீழ் முறைப்படி பயின்று தேர்வு எழுதலாம். பொறியியலில் 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கை, ஒரு நாட்டில் தரச்சான்று பெற்ற பட்டப் படிப்பை மற்ற உறுப்பு நாடுகள் இணையானதாக ஏற்க வழிசெய்கிறது. அங்கே ஏற்கப்படுவது படிப்பு. ஆளின் திறமை அந்தக் கணக்கில் வருவதில்லை.

மென்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்று ஆறுதல் கொள்பவர்கள் வெளிநாட்டு வேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வல்லுநர்கள் அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவுக்கு நான்காண்டுப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி தேவை. பட்டம் இல்லாதவர் அனுபவத்தைக் காட்டலாம் என்றாலும், குறைவுபடும் ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்று ஆண்டு அனுபவம் என்பது கணக்கு. அதாவது முழுப் பட்டத்துக்கு ஈடாக 12 ஆண்டுகள். ஐரோப்பாவில் நிலைமை சற்று இளகியிருக்கிறது. வெளிநாட்டு வல்லுநர்கள் அங்கே வேலை செய்து வசிப்பதற்கான அனுமதியான ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை பற்றிய 2021ஆம் ஆண்டு நெறிமுறை, தகவல் தொழில்நுட்ப வல்லுநர்களிடம் கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் பெற்ற மூன்றாண்டு அனுபவத்தைப் பட்டத்துக்கு மாற்றாக ஏற்கிறது. ஜெர்மனி அதை 2023 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. ஊதிய வரம்பு முதலிய மற்ற நிபந்தனைகள் தனி. ஆகவே வினாக்குறி, எந்த நாட்டில் வாழ விரும்புகிறீர்கள் என்பதற்கு இன்று விடை தெரியாவிட்டால், கதவைத் திறந்து வைப்பதற்கான விலையாகவாவது பட்டத்தை எண்ணிப் பாருங்கள்.

சுழல்தண்டு எழுதியது:

எல்லோரும் கணினியையே பேசிக்கொண்டிருப்பதால் குறுக்கிடுகிறேன். சுயகற்றல் மென்பொருளில் எளிதாக இருப்பதற்குக் காரணம், கருவி வீட்டிலேயே இருக்கிறது, தவறு செய்தால் அழித்து எழுதிக்கொள்ளலாம், சரியா தவறா என்பதை இயந்திரமே உடனுக்குடன் சொல்லிவிடும். உயர் அழுத்த மின்சாரத்தையோ கடைசல் இயந்திரத்தையோ காணொளி பார்த்துக் கற்பவர் கையை இழப்பார். இத்தகைய தொழில்களுக்குக் கல்லூரியும் சுயகற்றலும் அல்லாத மூன்றாவது வழியே பொருத்தமானது. ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையில் 300க்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. பயிற்சியாளர் வாரத்தில் சில நாள்கள் நிறுவனத்தில் ஊதியத்துடன் வேலை செய்து, மற்ற நாள்களில் தொழிற்பள்ளிக்குச் செல்கிறார். அதன் மேல்நிலையான மைஸ்டர் (தேர்ந்த தொழில்வல்லுநர்) தகுதியை அந்நாட்டின் தகுதிச் சட்டகம் இளங்கலைப் பட்டத்தின் அதே ஆறாம் நிலையில் வைத்திருக்கிறது. பட்டத்தின் மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. சான்றளிக்கும் உரிமை கல்லூரிக்கு மட்டுமே உண்டு என்று எல்லோரும் எண்ணிக்கொண்டதைத்தான் குறை சொல்கிறேன்.

வினாக்குறி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அறிவு ஒன்று, அதற்குப் பிறர் தரும் சாட்சி மற்றொன்று, சட்டம் கேட்கும் தாள் மூன்றாவது எனப் பிரித்துப் பார்க்க முடிகிறது. முதலாவதை நானே ஈட்டலாம், இரண்டாவதைச் சிரமப்பட்டு ஈட்டலாம், மூன்றாவதைப் பெரும்பாலும் ஈட்டவே முடியாது என்று புரிந்துகொள்கிறேன். அப்படியானால் வேலையை விடாமல் தொலைநிலையில் பட்டம் பெறுவது போதுமா? மேலும், இப்போது என்னிடம் உள்ள இணையதளங்களை ஆட்தேர்வாளர் எப்படிப் பார்ப்பார் என்பதையும் முதற்சல்லடை கூற வேண்டுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

தொலைநிலைப் படிப்பு இளக்காரமானது அல்ல. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, முன்தகுதி கேட்காமல் 1971 முதல் மாணவர்களுக்குப் பட்டப் படிப்பை நடத்திவருகிறது. சேரும் முன் இரண்டை மட்டும் உறுதிசெய்யுங்கள்: அந்தப் படிப்புக்கு உரிய அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் பின்னாளில் செல்ல எண்ணும் உயர்கல்விக்கோ நாட்டுக்கோ அதை ஏற்கிறார்களா. விளம்பரத்தை நம்பாமல் அங்கீகரிக்கும் அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். ஆய்வுக்கூடமும் சக மாணவர்களும் அதில் கிடைக்க மாட்டார்கள். ஏற்கெனவே வேலைச் சூழலில் இருக்கும் உங்களுக்கு அந்த இழப்பு மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் கிடைத்திருக்கும் இடம் நன்றாகக் கற்பிக்கும் கல்லூரியில் என்றால், நேரில் சென்று படிக்கவே சொல்வேன். அங்கே தற்போது படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், இயங்குதளப் பாடத்தில் எதை எழுதிச் செய்தார்கள் என்று கேளுங்கள். நிரலைக் காட்டினால் சேரலாம். குறிப்பேட்டைக் காட்டினால் யோசியுங்கள்.

முதற்சல்லடை எழுதியது:

உங்கள் இணையதளங்களைப் பற்றிக் கேட்டதால் நேரடியாகவே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவை உங்களை நேர்காணல் வரை அழைத்து வந்திருக்கும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை வேறு. ஒரு சிறு நிறுவனத்துக்கான இணையதளத்தை எவரும் கேட்டுப் பெற்றுவிடலாம் என்பதால், முடிந்த பொருளைப் பார்த்துச் செய்தவரை மதிப்பிட எங்களால் இயலவில்லை. திறமை குறைந்தவருக்குக் காட்டக் கடினமாக இருப்பது மட்டுமே அறிகுறியாகும் என்ற ஸ்பென்ஸின் விதி, சுயமாகக் கற்றவர்களின் முக்கிய ஆதாரத்தையே இப்போது பதம் பார்க்கிறது. பட்டத்துக்கும் அந்தச் சேதம் உண்டு, வீட்டுப்பாடத்தையும் இயந்திரமே எழுதுகிறது; ஆனால் மேற்பார்வையில் எழுதிய தேர்வுகள் அதனிடம் எஞ்சியிருக்கின்றன.

எனவே எங்கள் நேர்காணல்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட, பிழையுள்ள ஒரு நிரலைத் தந்து, அதை எங்கள் முன்னிலையில் வாசிக்கச் சொல்கிறோம். பிழையைக் கண்டுபிடிப்பதற்கு முன் விண்ணப்பதாரர் எந்த ஊகங்களைச் சொல்கிறார், எந்த ஊகத்தை எப்படி விலக்குகிறார் என்பதைக் கவனிக்கிறோம். உங்கள் இணையதளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தரவுத்தளம் இப்படி ஏன் அமைக்கப்பட்டது, வாடிக்கையாளர் எதை மாற்றச் சொன்னார், எது உடைந்தது, எதைச் செய்ய மறுத்தீர்கள் என்று இரண்டு பக்கங்களில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் ஒருவரிடம், நாங்கள் தொலைபேசியில் கேட்டால் பேசச் சம்மதமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கல்லூரியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இந்த இரண்டையும் இந்த மாதமே செய்யலாம்.